இரவை இரவாக எடுத்தல்

இரவில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமராவை வாங்கலாம் என்பதைத்தான். நம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் எடுத்துக் காட்டுவது ஒரு பழைய சிறு டிஜிட்டல் கேமரா. பத்து மெகாபிக்சலை எட்டாதது, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுவது, சட்டைப்பையில் அடங்கிவிடுவது. ஷட்டரை அதிகபட்சம் 15 வினாடி திறந்து வைக்கும். அதற்கு மேல் ஒரு வினாடியும் தாங்காது. இதை வைத்துக்கொண்டு புன்னைக்காயல் கரையில் பல இரவுகள் தவறு செய்து பழகிய பின் நாம் வந்தடைந்த கருத்து மூன்று வாக்கியங்களில் அடங்கும். தொடங்குகிறவர் எளிய கேமராவிலேயே தொடங்க வேண்டும். ஃபிளாஷை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். படத்தில் இருட்டை இருட்டாகவே விட்டுவைக்க வேண்டும். முதல் இரண்டையும் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். மூன்றாவதைச் சொன்னால், "ஒன்றும் தெரியாத படத்தை எதற்காக எடுப்பது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

புன்னைக்காயல், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர். ஆற்று வண்டல் கடலைக் கிழக்கே தள்ளத் தள்ளத் துறையும் இடம் மாறிக்கொண்டே வந்தது. சங்க காலத்துக் கொற்கை உள்நாடாயிற்று, பின்னர் பழையகாயல், அதற்கும் பின்னர் புன்னைக்காயல். போர்ச்சுக்கீசியர் காலத்தில் அண்டிரிக் அடிகளார் தங்கித் தமிழ் கற்ற ஊரும் இதுவே. அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. 1586இல் வந்த 'அடியார் வரலாறு' இவ்வூரில் அச்சானதா, கொச்சியில் அச்சானதா என்று ஆய்வாளர் இன்னும் வாதிடுகின்றனர். அந்த வாதத்தில் நாம் இறங்கப் போவதில்லை. ஆனால் தமிழ் அச்சின் தொடக்கத்தோடு பெயர் சேர்ந்துவிட்ட ஓர் ஊரில் நின்று இரவைப் படமெடுக்கையில் ஓர் எண்ணம் தோன்றாமல் இராது. அச்சுக்காரனுக்குக் கருமை ஒரு குறைபாடாகத் தெரிந்திருக்காது. தாளில் பேசுவது அந்த மைதான். ஒளிப்படம் எடுப்பவனோ கருமையைக் கண்டால் ஏதோ தவறிவிட்டதாகப் பதறுகிறான். இந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது?

இரவு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிற பொழுதைத் தமிழ் இலக்கணம் மூன்றாகப் பார்த்தது. மாலை, யாமம், வைகறை. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை என்று வகுத்த தொல்காப்பியம், நெய்தலுக்கு எற்பாடு என்றது. எற்பாடு என்பதற்குப் பொழுது சாயும் வேளை என்று பொருள் கொள்வோர் பலர். விடியல் என்று கொள்வோரும் உண்டு. உரைகாரர்களின் வழக்கை நாம் தீர்த்துவைக்க முடியாது. எனினும் மேலைக் கரையில் நின்றால் கதிரவன் கடலில் இறங்கும், கீழைக் கரையில் நின்றால் கடலிலிருந்து எழும் என்பதை, கேமராவோடு கரையில் நிற்கும் எவரும் முதல் நாளிலேயே அறிந்துகொள்வர். வகுப்பறையில் பல ஆண்டுகளாகப் பாடமாகச் சொல்லிவந்த முப்பொழுதும் நமக்கு உண்மையில் விளங்கியது இந்தச் சிறு கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த பிறகுதான். ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு பாடம் இருந்தது.

மாலையின் பாடம் அவகாசம் பற்றியது. வெளிநாட்டுக் கையேடுகளில், கதிரவன் மறைந்தபின் வானம் ஆழ்ந்த நீலமாக நிற்கும் நேரமே தொடக்கக்காரருக்கு உகந்தது என்று எழுதியிருக்கும். சரியான அறிவுரைதான். ஆனால் அவர்களுடைய நாட்டில் அந்தி நெடியது. லண்டனில் கோடை நடுவில் முழு இருள் என்பதே கவிவதில்லை. நம் கரை, நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. கதிரவன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. மறைந்ததிலிருந்து அடிவானத்துக்கு ஆறு பாகை கீழே போவதற்கு இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். சுமார் எழுபது நிமிடத்தில் முழு இரவு. அந்த இருபது நிமிடத்தில் பையைத் திறந்து, பேட்டரியைத் தேடி, முக்காலியை விரித்துக்கொண்டிருந்தால் நீலம் போய்விடும். இன்னொன்று, இக்கரையில் மாலை கடலில் இல்லை. கடல்தான் முதலில் கறுக்கிறது. நிறம் முதுகுப்பக்கம், பனைகளுக்கும் கோயில் கோபுரத்துக்கும் பின்னால் இருக்கிறது. கடலைப் படமெடுக்கப் போய்க் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கற்பதே முதல் மாலையின் வேலை.

அந்த முதல் மாலைகளில் எடுத்தவற்றை வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. கண்ணால் கண்ட கரு நீலம் படத்தில் வெளிறிய சாம்பலாக இருந்தது. காரணம் கேமராவின் ஒளிமானி. அது தன் முன் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்பும்படி தொழிற்சாலையிலேயே பழக்கப்பட்டது. வெள்ளைச் சுவரையும் சாம்பலாக்கும். கறுப்பு எருமையையும் சாம்பலாக்கும். இரவைக் காட்டினால், "வெளிச்சம் போதவில்லை" என்று தானே முடிவு செய்து, போதும் என்று தனக்குப்படும் வரை ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். எளிய கேமராவிலும் இதைத் திருத்த ஒரு பொத்தான் உண்டு. கூட்டல், கழித்தல் குறிகள் போட்ட பொத்தான். கழித்தல் பக்கம் ஒன்றோ இரண்டோ படி தள்ளினால் இரவு திரும்பி வருகிறது. நாம் முன்னே கேட்ட கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே கிடைத்துவிட்டது. கருமையைக் கண்டு பதறுவது முதலில் கருவியின் பழக்கம். அப்பழக்கம் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

யாமத்தின் பாடம் பொறுமை. இங்கேதான் எளிய கேமராவின் ஏழ்மை வெளிப்படும். இவ்வகைக் கேமராவில் ஒளியை வாங்கும் உணரி சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். பழைய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டமோ 864 சதுர மில்லிமீட்டர். மழைநீர் பிடிக்க ஒருவர் அண்டாவும் இன்னொருவர் குவளையும் வைத்திருப்பதைப் போன்றது இது. குவளைக்காரர் செய்யக்கூடியது ஒன்றே, நெடுநேரம் நிற்பது. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்திக் குறுக்கு வழியில் போனால் படமெங்கும் அரிசி நொய்யைத் தூவினாற்போலப் புள்ளிகள் வந்துவிடும். ஆகவே எண்ணைக் குறைத்து, ஷட்டரை 15 வினாடி திறந்து வைக்க வேண்டும். அந்த 15 வினாடியும் கேமரா அசையக்கூடாது.

அசையாமல் நிறுத்துவதற்கு நாம் முதலில் வாங்கியது ஒரு மலிவான முக்காலி. கடற்கரை மணலில் அதன் கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்துக்கு இறங்கின. பிறகு கண்டுகொண்டது, ஒரு துணிப்பையும் அங்கேயே கிடக்கும் மணலும் போதும் என்பது. பையை முக்கால்வாசி மணலால் நிரப்பி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் முதுகில் வைத்து, அதன் நடுவில் கேமராவை அழுத்தி உட்காரவைத்தால் கல்போல் இருக்கும். பொத்தானை விரலால் அமுக்குவதே ஓர் அசைவு என்பதால், தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை இரண்டு வினாடிக்கு வைக்க வேண்டும். இருட்டில் தானியங்கிக் குவியம் தட்டுத்தடுமாறும் என்பதால் மலைச்சின்னம் போட்ட தொலைதூர நிலைக்கு மாற்றிவிட வேண்டும். கண்ணாடியில் உப்புக்காற்று படிந்திருந்தால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் பரிவேடம் கட்டும். மெல்லிய துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஒரு படம். எடுத்து முடித்த பிறகும் கேமரா உடனே விடுவதில்லை. இன்னொரு 15 வினாடி கண்ணை மூடிக்கொண்டு வெறும் இருளை ஒரு படம் எடுத்து, தன் உணரியின் வெப்பத்தால் விழுந்த பொய்ப்புள்ளிகளை அதிலிருந்து அறிந்து, முதற்படத்திலிருந்து கழித்துக்கொள்கிறது. ஆக ஒரு படத்துக்கு அரை நிமிடம். ஒரு மணி நேரத்தில் எத்தனை எடுத்துவிட முடியும்? எடுக்கும் முன் யோசிக்கிற பழக்கத்தை நூறு கட்டுரைகள் கற்பிக்காத அளவு இந்தத் தாமதம் கற்பிக்கிறது. எளிய கேமராவில் தொடங்க வேண்டும் என்று நாம் சொல்வது விலை கருதியன்று.

நிலா நாட்களில் தொடக்கக்காரர் எல்லாரும் செய்யும் பிழையை நாமும் செய்தோம். முழுநிலா கடலிலிருந்து எழுவதை எடுத்தால் வெள்ளைப் பொட்டு ஒன்றே மிஞ்சும். நிலவின் முகத்தில் நேர்வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதை எடுக்கப் பகற்பொருளுக்குரிய குறுகிய நேரம் போதும். நிலவால் ஒளிபெறும் கரையோ, வெயிலைப்போல் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் இக்கேமராவால் தர முடியாது. ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நிலவை முதுகுக்குப் பின் விட்டு, அது தொட்ட பொருள்களை எடுப்பதே நல்ல வழி. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். படமெடுப்பவனுக்கு நிலாக்காலம் பிடிக்கும். கடலுக்குப் போகிறவருக்குப் பிடிக்காது. நிலவில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும், மீன்பாடு குறையும் என்பார்கள். ஒரே கரையில் நிற்கும் இருவரில் ஒருவரின் நல்ல இரவு மற்றவருக்குக் கெட்ட இரவு. இருட்டு என்பது இங்கே ஒரு தொழிலுக்கு வேண்டிய பொருள் என்பது நமக்கு முதலில் உறைத்தது அப்போதுதான்.

நிலவில்லாத இரவுகளில் விண்மீன்களை எடுக்கத் தொடங்கினோம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. 15 வினாடியில் ஒரு விண்மீன், நிலவின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். படத்தில் அது ஒரு சிறு கீற்று. நகராத மீனொன்று வேண்டுமென்று துருவ நட்சத்திரத்தைத் தேடினோம். புன்னைக்காயலில் அது வடக்கு அடிவானத்துக்கு மேலே எட்டரைப் பாகையில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை, அதற்கும் உள்ளே. அந்த இடத்தில் நம் படங்களில் இருந்தது மீனன்று, ஒளிப்புகை. வடக்கே இருப்பது தூத்துக்குடி. 1974இல் பெருந்துறைமுகமான துறைமுகமும், 1979இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையமும், பிறகு வளர்ந்த ஆலைகளும் நகரமும் மேல்நோக்கி வீசும் வெளிச்சம், சரியாக அந்த மீன் நிற்கும் கீழ்வானத்தை நிரப்பியிருக்கிறது. கொற்கைக்கு வந்த கலங்கள் முதல் நேற்றைய பாய்வள்ளங்கள் வரை வடக்கைக் காட்டிய வானம் அது. இன்று படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது, மீன் தேவையில்லை என்று வாதிடலாம். வாதிடுவோம். ஆனால் ஒரு பொருள் தேவையில்லாமல் போவதும், அது காணாமற்போனதை எவரும் கவனியாமல் இருப்பதும் வேறுவேறு. நாம் கவனித்தது நம் கேமரா அதைக் காட்ட மறுத்ததால்.

மூன்றாவது பாடம் வைகறையுடையது. இது கருவியைப் பற்றியதன்று. சொல்வதற்கு வெட்கமான ஒன்று.

ஒரு வைகறையில், நான்கு மணி இருக்கும், ஆற்றுமுகத்தின் ஓரம் நின்றுகொண்டிருந்தோம். படகொன்று மெல்லக் கடலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அணியத்தில் வயதான ஒருவர் நின்று, முன்னால் நீரைப் பார்த்தபடி பின்னாலிருப்பவருக்குக் கையால் வழி காட்டிக்கொண்டிருந்தார். ஆறு கொண்டுவரும் மணல் வாயில் திட்டுத்திட்டாகப் படியும் இடம் அது; அலை எங்கே உடைகிறது என்று பார்த்துத்தான் படகை விட வேண்டும். நாம் கேமராவை எடுத்து அமுக்கினோம். முந்தைய நாள் வீட்டில் குழந்தைகளை எடுத்தபோது தானியங்கி நிலைக்கு மாற்றியதை மறந்திருந்தோம். ஃபிளாஷ் பளீரென்று அடித்தது. அவர் முன்னங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். இன்ஜின் நின்றது. படகு அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது.

அவர் திட்டவில்லை. சிறிது நேரம் கழித்து, "வெளக்கப் போட்டு எங்கள எடுத்திட்டிய சார். எங்களுக்கு இப்ப திட்டு தெரியல" என்றார்.

"மன்னிச்சிடுங்க அண்ணாச்சி" என்றோம். வேறென்ன சொல்ல முடியும்? பின்னால் வந்த படகுகள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போயின. அவர்கள் கண் தெளியும் வரை காத்திருந்தார்கள்.

மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் அணுக்களில் உள்ள நிறமி, வெளிச்சத்தில் சிதைந்து, இருளில் மெல்லமெல்லத் திரும்பச் சேர்வதே காரணம். ஒரு மின்னல் அதைச் சிதைத்துவிடும். திரும்பச் சேர மீண்டும் அத்தனை நேரம். அதாவது நாம் அவரிடமிருந்து எடுத்தது ஒரு படத்தை மட்டுமன்று. அவர் கரையில் நின்று, பீடி வெளிச்சத்தைக்கூடத் தவிர்த்து, சேமித்து வைத்திருந்த பார்வையையும் எடுத்துவிட்டோம். பதிலுக்குக் கிடைத்த படமோ எதற்கும் உதவாதது. இத்தகைய கேமராவின் ஃபிளாஷ் நான்கைந்து மீட்டருக்கு மேல் எட்டாது. தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைகிறது. படகு அதற்கு அப்பால் இருந்தது. படத்தில் விழுந்தது காற்றில் மிதந்த ஈரத்துளிகளின் வெள்ளைப் புள்ளிகளும், அவற்றுக்குப் பின்னால் ஓர் உயர்த்திய கையும்.

ஒளிப்பட வரலாற்றில் இந்தத் தவற்றுக்குப் பெரிய முன்னோடி உண்டு. 1887இல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடியாலான மின்னொளிக் கலவை உருவாயிற்று. அதைக் கையிலெடுத்துக்கொண்டு நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நள்ளிரவில் புகுந்தவர் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர். கதவைத் திறந்து, பொடியைக் கொளுத்தி, உறங்கியவர் விழிக்கும் முன் படமெடுத்துக்கொண்டு வெளியேறுவார். இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்குமே தீ வைத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1890இல் நூலாக வந்த அப்படங்கள் நகரின் மனச்சாட்சியைத் தொட்டன. குடியிருப்புச் சட்டங்கள் திருந்தத் துணைநின்றன. ஆகவே அவரை எளிதாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட இயலாது. எனினும் அப்படங்களில் உள்ள முகங்களைப் பார்க்கும்போது, அங்கே தெரியும் திகைப்பு வறுமையுடையதா, மின்னலுடையதா என்ற ஐயம் எழாமல் போவதில்லை.

இன்னொரு முன்னோடி, பாரிஸ் நகரத்து இரவுகளை எடுத்து 1930களின் தொடக்கத்தில் நூலாக்கிய பிராஸாய். அவர் தெருவில் முக்காலியை நிறுத்தி, ஷட்டரைத் திறந்துவிட்டு, சிகரெட்டைப் பற்றவைப்பார். ஒருவகை சிகரெட் எரிந்து முடியும் நேரம் ஒரு வெளிச்சத்துக்கு. அதைவிட இருண்ட மூலைக்குத் தடித்த இன்னொரு வகை. கடிகாரமாகச் சிகரெட்டைப் பயன்படுத்திய அவருடைய தெருக்களில் விளக்கும் மூடுபனியும் ஈரக் கல்லும் அவையவை இருந்தபடியே இருக்கின்றன. விடுதிகளின் உள்ளே எடுத்தபோது அவரும் மின்னொளியைப் பயன்படுத்தியவர்தாம். எனவே இவரைப் புனிதராக்கவும் வேண்டாம். சொல்ல வருவது இதுதான்: இரவைப் படமெடுக்க இரண்டு வழிகள் உண்டு. நம் வெளிச்சத்தைக் கொண்டுபோய் அங்கே கொட்டுவது ஒன்று. அங்கிருக்கும் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரும் வரை காத்திருப்பது இன்னொன்று. முதலாவதில் இரவு நமக்கு இடம்கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் நாம் இரவுக்கு இடம்கொடுக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொண்டே ஆக வேண்டும். இருட்டைப் புகழ்வது வெளிச்சத்தில் வாழ்பவருக்கு எளிது. தெருவிளக்கு எரியாத ஊரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெண்ணிடம் போய் இருளின் அழகைப் பற்றிப் பேச முடியுமா? முடியாது, பேசவும் கூடாது. தெருவுக்கு விளக்கு வேண்டும், இறங்குதுறைக்கு விளக்கு வேண்டும், ஆற்றுமுகத்தின் திட்டைக் காட்ட மிதவை விளக்கு இருந்தால் மிக நன்று. இவை இருப்பவர்களுக்காக எரியும் விளக்குகள். நாம் எதிர்ப்பது பார்க்கிறவர்களுக்காக எரியும் விளக்கை. தரையைப் பார்த்து எரிய வேண்டிய விளக்கு வானத்தைப் பார்த்து எரிவதையும் சேர்த்துத்தான். கடலோடிகளுக்கு இந்த வேறுபாட்டை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வலிய விளக்குகளால் மீனை ஈர்த்து அள்ளும் முறைக்கு எதிராக அவர்களில் பலர் பேசியிருக்கிறார்கள். இந்திய அரசும் 2017இல் அதைத் தடை செய்தது. வெளிச்சமே ஒரு வலையாக முடியும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

சிறு கேமராவின் காலம் முடிந்துவிட்டதே, கைப்பேசியே எல்லாம் செய்கிறதே என்பது அடுத்த மறுப்பு. உண்மை. கூகுள் நிறுவனம் 2018இல் தன் கைப்பேசியில் 'நைட் சைட்' என்ற வசதியைத் தந்தது. அதன்பின் பிறவும் வந்தன. ஒரு படத்துக்குப் பதிலாகப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை நடுக்கத்தைக் கணக்கிட்டு அடுக்கி, ஒளியைக் கூட்டித் தருகின்றன. வியக்கத்தக்க பொறியியல். ஆனால் அதை உருவாக்கியவர்களே ஒரு சிக்கலைச் சொன்னார்கள். கருவியை அதன் போக்கில் விட்டால் இரவு பகலாகவே ஆகிவிடுகிறது. இரவை இரவாகத் தோன்றச் செய்ய, நிழல்களைக் கறுப்பாக விடும் உத்தியைப் பழைய ஓவியர்களிடமிருந்து கற்க வேண்டியிருந்தது என்றார்கள். இருளை முழுவதும் வெல்லக்கூடிய கருவியைச் செய்தவர்கள், கடைசியில் எவ்வளவு இருளைத் திருப்பித் தருவது என்ற கேள்வியில் வந்து நின்றார்கள். அந்த அளவை ஒரு நிறுவனம் நமக்காக முடிவு செய்யலாமா, நாமே முடிவு செய்ய வேண்டாமா என்பதுதான் கேள்வி. சிறு கேமராவின் கழித்தல் பொத்தானைப் பழகியவர் அதைக் கைப்பேசியிலும் தேடி எடுத்துக்கொள்வார். பழகாதவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

இக்கரையின் பழைய படங்களை நினைத்துப் பார்க்கிறோம். முத்துக்குளிப்பு என்றதும் நாம் பார்த்திருப்பவை எல்லாம் வெயிலில் எடுத்தவை. கல்லைக் காலில் கட்டி இறங்கும் ஆள், சிப்பிக் குவியல், பேரம் பேசும் கூட்டம். ஆனால் முத்துக்குளிப்பின் நாள் இரவில் தொடங்கியது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் இரவுக்காற்றைப் பிடித்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு, விடியும்போது பாரை அடைந்து, நண்பகல் வரை குளித்து, கடற்காற்றில் திரும்புவார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அந்தத் தொழிலின் பாதி நாள் நம் கண்ணில் படாமலே முடிந்துவிட்டது. இன்று அந்தப் பாதியை எடுக்கக்கூடிய கருவி சட்டைப்பையில் இருக்கிறது. அதை எப்படி எடுக்கிறோம் என்பதில் நமக்குப் பொறுப்பு உண்டென்று நினைக்கிறோம்.

அந்த வைகறைக்குச் சில நாட்கள் கழித்து அண்ணாச்சியை மீண்டும் பார்த்தோம். படமெடுக்கலாமா என்று இம்முறை கேட்டோம். "எடுங்க. வெளக்கு மட்டும் போடாதிய. நிக்கவும் சொல்லாதிய" என்றார். இரண்டு நிபந்தனைகளையும் நம் கேமரா ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. 15 வினாடியில் ஒரு மனிதர் அசையாமல் இருக்க மாட்டார். அவர் முகம் விழாது. அவர் நடந்த வழியில் ஒரு மங்கலான கறை விழும். கையில் டார்ச் இருந்தால் அது ஒரு கோடாகும். முகமில்லாத படம். அதுவே சரியென்று இப்போது படுகிறது. இரவில் அவர் முகம் நமக்குத் தெரிந்ததா என்ன?

அப்படி எடுத்தவற்றில் ஒன்றைத் தூத்துக்குடியில் அச்சிடக் கொடுத்தோம். கடையில் இருந்த எந்திரம் தானாகவே அதை வெளுப்பாக்கித் தந்தது. திருத்தம் வேண்டாம், இருப்பதை இருப்பதுபோல் போடுங்கள் என்று வற்புறுத்திய பின்தான் கறுப்பு கிடைத்தது. நண்பர்களிடம் காட்டினோம். கீழே ஒரு மெல்லிய ஒளிக்கோடு தவிர ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அண்ணாச்சியிடம் கொடுத்தோம். அவர் அதைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கறுப்பின் மேல் விரலை வைத்தார். "இது திட்டு. வெள்ளையா லேசா கெடக்கு பாருங்க, அது ஒடையுற அல. இங்கன வந்துதான் நாங்க திருப்புவோம்." விரல் போன இடமெல்லாம், நாம் பார்க்காமல் விட்டது இருந்தது.

படத்தைத் திருப்பித் தரும்போது, "கரையிலருந்து கடலையே எடுக்கிய. கடல்லருந்து கரையப் பாத்திருக்கியளா? எங்களுக்கு அதுதான் கணக்கு. கோயில் வெளக்கு ஒண்ணு, அதுக்குத் தெக்க எத்தன..." என்று எண்ணிக் காட்டினார். பட்டினப்பாலையில், கடலுக்குப் போன பரதவர் காவிரிப்பூம்பட்டினத்து மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகிறார்கள். எத்தனையோ முறை வகுப்பில் நடத்திய இடம். அதை நகரத்தின் செழிப்புக்கு ஒரு வருணனையாகவே சொல்லி வந்திருக்கிறோம். இருட்டில் இருப்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒருபோதும் சொன்னதில்லை.

ஒருநாள் படகில் வாருங்கள் என்று அழைத்திருக்கிறார். அங்கிருந்து கரையைப் படமெடுக்க இந்தக் கேமராவால் ஆகாது. ஆடும் படகில் மணற்பையும் நிற்காது, 15 வினாடியும் நிற்காது, விளக்கெல்லாம் கிறுக்கலாகிவிடும். கேமராவைக் கரையில் விட்டுவிட்டுப் போய் எண்ணிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறோம்.